வீட்டிலேயே பல் வெண்மையாக்கல்: எவ்வளவு வெளுக்கும், ஏன் கூசும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்மையாக்கும் ஜெல்லை வாங்கும் முன் எல்லோரும் கேட்பது ‘எவ்வளவு வெளுக்கும்?’ என்பது. வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கிய மூன்றாம் நாள் கேட்பது ‘ஏன் இப்படிக் கூசுகிறது?’ என்பது. பல்லை வெளுக்கச் செய்யும் பொருளே கூச்சத்தையும் உண்டாக்குகிறது என்பதால், இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்ப்பதுதான் முறை.

வீட்டில் செய்துகொள்ளும் வெண்மையாக்கல் என்றால் என்ன?

பல் மருத்துவர் உங்கள் பற்களின் அச்செடுத்து, அதற்கேற்ப மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் ட்ரே ஒன்றைச் செய்து தருவார். அதில் சிறு துளிகளாக ஜெல்லை இட்டு, இரவு தூங்கும்போதோ பகலில் சில மணி நேரமோ பற்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஜெல்லில் இருக்கும் மருந்து பெரும்பாலும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு. பல்லில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகளும், எல்லா வாய்க்கும் ஒரே அளவில் வரும் ட்ரேக்களும் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. அவற்றிலும் வேலை செய்வது ஏதோ ஒரு வடிவப் பெராக்சைடுதான். இந்தப் பக்கத்தில் நாம் பேசுவது முதன்மையாக மருத்துவர் செய்து தரும் ட்ரே முறையைப் பற்றி. அதிகம் ஆராயப்பட்டதும் அதுவே.

இந்த முறை எப்படி வந்தது?

தற்செயலாக வந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர், ஈறு புண்ணை ஆற்றுவதற்காக 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு கலந்த கிருமிநாசினியை நோயாளி இரவில் அணியும் பல் கருவிக்குள் இட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறும் ஆறியது, பற்களும் வெளுத்திருந்தன. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு பேராசிரியர்கள் இதை முறைப்படுத்தி ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட பிறகே உலகெங்கும் பரவியது. புண்ணாற்றும் மருந்தாக வந்ததாலோ என்னவோ, அந்த 10 சதவீதம் என்ற மென்மையான அளவே இன்றும் அளவுகோலாக நிற்கிறது.

பல் கிளீனிங் செய்தாலே போதாதா?

பலருக்குப் போதும். வெற்றிலை பாக்கு, புகையிலை, தேநீர், குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்து ஆகியவற்றால் வரும் கறை பல்லின் மேற்பரப்பில் படிவது. அதை ஜெல் கொண்டு வெளுக்க முயல்வது, அழுக்கேறிய சுவரைத் துடைக்காமல் அதன் மேலேயே சுண்ணாம்பு அடிப்பது போன்றது. முதலில் கிளீனிங் செய்து, கறையும், பல்லில் கல் போலப் படிந்த காரையும் நீங்கிய பின் தெரிகிற நிறம்தான் உங்கள் பல்லின் உண்மையான நிறம். அந்த நிறமே மனத்துக்கு நிறைவாக இருந்து, வெண்மையாக்கல் வேண்டாம் என்று திரும்பிச் செல்பவர்களும் உண்டு. கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் காணும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஏற்கெனவே எலும்பு தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் கெட்டியான காரை பிடித்து வைத்திருக்கும். காரை போனதும் அந்த ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான்.

ஜெல் பல்லை எப்படி வெளுக்கச் செய்கிறது?

கார்பமைடு பெராக்சைடு வாயின் ஈரத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் யூரியாவாகவும் பிரிகிறது. 10 சதவீத ஜெல்லிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அதன் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால், பல்லின் வெளி அடுக்கான, கண்ணாடி போல இறுகித் தெரியும் எனாமலின் நுண்ணிய இடைவெளிகள் வழியே ஊடுருவி, உள்ளே இருக்கும் மஞ்சள் நிற அடுக்கான டென்டினை அடைகிறது. அங்கே நிறம் தரும் பெரிய கரிமச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்து, நிறமற்ற சிறு துண்டுகளாக்குகிறது. சுரண்டுவதோ அரிப்பதோ இதில் இல்லை. பல்லின் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டென்டின்தான் என்பதால், மேற்பரப்பை எவ்வளவு தேய்த்தாலும் கிடைக்காத மாற்றம் இதில் கிடைக்கிறது.

ஒன்றை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எனாமலைக் கடந்து டென்டினுக்குச் செல்கிற பெராக்சைடு அங்கேயே நின்றுவிடுவதில்லை. சில நிமிடங்களிலேயே அதன் ஒரு பகுதி நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் பற்கூழ் வரை சென்றுவிடுகிறது.

உண்மையிலேயே பலன் தருமா? எத்தனை நாளில்?

தரும், ஆனால் பல் ஏன் நிறம் மாறியது என்பதைப் பொறுத்தே தரும். வயது ஏற ஏற வரும் மஞ்சள் நிறமும், நீண்ட காலத் தேநீர், காபிப் பழக்கத்தால் உள்ளே இறங்கிய மஞ்சளும் நன்றாக வெளுக்கும். இரவு முழுவதும் ட்ரே அணிந்தால் இரண்டு வாரத்தில் தெளிவான மாற்றத்தை எதிர்பார்க்கலாம். புகையிலையால் உள்ளே ஊறிய பழுப்புக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து உட்கொண்டதால் சாம்பல் அல்லது நீலச் சாயலில் மாறிய பற்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அப்போதும் ஈறையொட்டிய பகுதி முழுமையாக வெளுப்பது அரிது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வீட்டு முறை பற்றிய 71 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. போலி மருந்தோடு ஒப்பிட்டால் வெண்மையாக்கும் மருந்துகள் குறுகிய காலத்தில் பலன் தருகின்றன என்றே அது சொன்னது. அதே சமயம், ஆய்வுகள் சிறியவை, சான்றின் உறுதி குறைவு என்றும், பக்கவிளைவுகளில் முதலிடம் பல் கூச்சத்துக்கும் வாயின் உட்புறத் திசு எரிச்சலுக்கும்தான் என்றும், மருந்தின் செறிவு கூடும்போது அவையும் கூடுகின்றன என்றும் பதிவு செய்தது. விளம்பரங்கள் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

முதல் சில நாள் பளிச்சென்று இருந்தது, பிறகு மங்கிவிட்டது. மருந்து பயனற்றதா?

இல்லை. ஜெல்லும் ட்ரேயும் பல்லை உலரச் செய்கின்றன. உலர்ந்த பல் உண்மையைவிட வெண்மையாகத் தெரியும். எச்சிலின் ஈரம் திரும்பவும் ஊறி, பல்லில் தங்கிய ஆக்சிஜனும் வெளியேறியதும் நிறம் சற்று இறங்கும். சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பதே சரியான கணக்கு. இதனால்தான் தொடங்கும் முன்பே, நிற அட்டையில் உள்ள மாதிரிப் பல்லை உங்கள் பல்லோடு சேர்த்துப் பிடித்து ஒரு புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. மேல் வரிசையை மட்டும் முதலில் வெளுக்கச் செய்து, கீழ் வரிசையை ஒப்பீட்டுக்காக விட்டுவைப்பதும் நல்ல உத்தி. நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் கண் மாற்றத்தை எளிதில் மறந்துவிடும்.

ஃபுளோரைடு நீரால் வந்த கறைக்கு இது உதவுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல் உருவாகும் வயதில் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் காணப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ சேர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம். ஆனால் குழந்தைப் பருவத்தில் விழுந்த கறை, பிற்காலத்தில் நல்ல நீர் குடிப்பதால் போவதில்லை.

பழுப்புக் கறை ஜெல்லுக்கு ஓரளவு நன்றாகவே மசியும். வெண்திட்டு மசியாது. சிகிச்சையின் முதல் வாரத்தில் அது முன்னைவிடத் துருத்திக்கொண்டு தெரியவும் கூடும். இதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடுபவர்கள் பலர். தொடர்ந்தால் சுற்றியுள்ள பகுதியும் வெளுத்து, திட்டுக்கும் பல்லுக்கும் உள்ள வேறுபாடு குறையும். அப்படியும் எஞ்சுவதற்கு, மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் தேய்த்தெடுப்பது, திட்டுக்குள் ரெசின் என்ற பிசின் போன்ற பொருளை ஊறச் செய்வது போன்ற வேறு சிகிச்சைகளை மருத்துவமனையில் செய்வார்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருக்கிறது. அதற்கும் ஜெல் இடலாமா?

முதலில் எக்ஸ்ரே எடுங்கள். எப்போதோ பட்ட அடியில் நரம்பு செத்திருக்கலாம், வேருக்குக் கீழே சீழ் கோத்திருக்கலாம். அத்தகைய பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, தேவையானால் உள்ளிருந்தே வெளுக்கச் செய்வார்கள்.

அடைத்த பல்லும், உறை போட்ட பல்லும் வெளுக்குமா?

வெளுக்காது. பல் நிறப் பூச்சால் அடைத்த இடம், செராமிக் உறை, பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடான வெனீர் ஆகியவை போட்ட நாளின் நிறத்திலேயே இருக்கும். பக்கத்துப் பல் வெளுத்ததும் அவை மஞ்சளாகத் துருத்தித் தெரியும். முன்பல்லில் அடைப்பு இருந்தால், மாற்றும் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெண்மையாக்கல் முடிந்த கையோடு புதிய அடைப்பைப் போடக் கூடாது. பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் அடைப்புப் பொருள் இறுகுவதைத் தடுத்து, பிடிப்பைக் குறைக்கும். இரண்டு வாரம் காத்திருப்பது வழக்கம்.

நல்ல பல்தானே, ஏன் கூசுகிறது?

சொத்தையோ விரிசலோ இல்லாத பல்லும் கூசும் என்பதுதான் இதில் பலரைத் திகைக்க வைக்கிறது. சாதாரணக் கூச்சத்துக்கு, டென்டினில் உள்ள நுண்குழாய்களின் திரவம் குளிரிலோ காற்றிலோ அசைந்து நரம்பைத் தூண்டுவதே காரணம் என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் விளக்கினார். வெளியே வேர் தெரிகிற பல், தேய்ந்த பல் ஆகியவை கூசுவதை அந்த விளக்கம் தெளிவாக்குகிறது. வெண்மையாக்கலில் நடப்பது இதிலிருந்து சற்று மாறுபட்டது: பெராக்சைடே பற்கூழை எட்டி, அங்கே தற்காலிகமான, மீளக்கூடிய அழற்சியை உண்டாக்குகிறது. அதனால்தான் எதையும் குடிக்காமல் சும்மா இருக்கும்போதும் ஒரு பல்லில் மட்டும் ஊசி குத்தியது போல ‘சுரீர்’ என்று வந்து, அடுத்த நொடியே மறைகிறது.

பெரும்பாலும் இது முதல் சில நாட்களில் தொடங்கும். ஜெல்லை நிறுத்தினால் சில நாட்களில் அடங்கும். பற்கூழுக்கு நிரந்தரமான தீங்கு நேர்ந்ததற்கான அடையாளமாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ‘வலித்தால்தான் வேலை செய்கிறது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வதும் தவறு. கூச்சம் அதிகம் வந்தவருக்கு அதிகம் வெளுக்கும் என்ற கணக்கு எதுவும் இல்லை.

யாருக்குக் கூச்சம் கூடுதலாக வரும்?

ஏற்கெனவே ஐஸ்கிரீம் சாப்பிட்டால் கூசுபவர்கள், ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்கள், அழுத்தித் தேய்த்துப் பல்லின் கழுத்துப் பகுதியில் பள்ளம் விழுந்தவர்கள், அடைக்காத சொத்தையோ கசியும் பழைய அடைப்போ உள்ளவர்கள். இவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சின்னதாகவும் மெல்லியதாகவும் உள்ள முன்பற்களில் பற்கூழ் மேற்பரப்புக்கு அருகில் இருப்பதால், அவை முதலில் கூசும். இவை எல்லாவற்றையும்விட, ஆர்வத்தில் ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை ஜெல்லை மாற்றுபவர்கள்தாம் உறுதியாகக் கூச்சத்தைத் தேடிக்கொள்பவர்கள்.

கூச்சத்தை முன்கூட்டியே தடுக்கலாமா?

ஓரளவு தடுக்கலாம். 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த, கூச்சத்துக்கான பற்பசையால் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பல் துலக்கத் தொடங்குங்கள். பொட்டாசியம் நரம்பு வரை சென்று, அது மீண்டும் மீண்டும் கிளர்ச்சியடைவதைத் தணிக்கிறது. ஃபுளோரைடின் வேலை வேறு: அது நுண்குழாய்களின் வாயை அடைக்க உதவுகிறது. வெண்மையாக்கலில் பெராக்சைடு பல்லின் ஊடாகவே செல்வதால், வாயை அடைப்பதைவிட நரம்பைத் தணிப்பதே கூடுதலாகக் கைகொடுக்கிறது.

கூச்சம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

இன்றிரவு ஜெல்லை வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, பொட்டாசியம் நைட்ரேட் பற்பசையை அதே ட்ரேயில் மெல்லிய கோடாக இட்டு, 10 முதல் 30 நிமிடம் அணிந்து, பிறகு கொப்பளித்துத் துப்புங்கள். நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பற்பசையாக இருந்தால் ஈறு எரியாது. பால் புரதத்திலிருந்து எடுத்த கால்சியம், பாஸ்பேட் பசைகளையும் சில மருத்துவர்கள் இதற்குத் தருகிறார்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றைத் தொடக் கூடாது.

கூச்சம் தணிந்த பின் ஒன்று விட்டு ஒரு நாளாகவோ, மூன்று நாளுக்கு ஒரு முறையாகவோ தொடருங்கள். இரவு முழுதும் அணிந்தவர்கள் பகலில் இரண்டு மணி நேரமாகக் குறைக்கலாம். இடைவெளி விட்டால் அதுவரை வெளுத்தது வீணாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். வந்து சேரும் நாள்தான் தள்ளிப்போகும். இறுதி நிறம் ஏறக்குறைய அதேதான். இரண்டு வாரத்தில் முடிய வேண்டியது நான்கு வாரத்தில் முடியட்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்குபவர்களுக்கு மட்டுமே இந்த அறிவுரை பயன்படாது. அவர்கள் இரண்டு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

செறிவு கூடிய ஜெல் வாங்கினால் சீக்கிரம் முடியாதா?

தொடக்கத்தில் வேகம் கூடும். ஆனால் பல் ஓரளவுக்கு மேல் வெளுக்காது. குறைந்த செறிவும் சற்றுத் தாமதமாக அதே இடத்துக்குத்தான் கொண்டு சேர்க்கிறது. மருத்துவமனையில் 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பூசிச் செய்யும் முறைக்கும் இது பொருந்தும்: சில வாரம் கழித்து ஒப்பிட்டால் நிற வேறுபாடு சொற்பம், பட்ட கூச்சத்தின் வேறுபாடோ பெரிது. விரைவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை கூச்சம்; அந்த விலைக்குக் கூடுதல் வெண்மை கிடைப்பதில்லை.

எண்களைப் படிக்கும்போது கவனம் தேவை. 35 சதவீதக் கார்பமைடு பெராக்சைடும் 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒன்றல்ல. முன்னதன் வலிமை பின்னதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பெட்டியில் எண் மட்டும் பெரிதாக அச்சிட்டு, எந்தப் பெராக்சைடு என்று சொல்லாத பொருளை வாங்காமலிருப்பதே மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 அக்டோபர் இறுதியிலிருந்து, 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள அல்லது வெளியிடும் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். முதல் முறைப் பயன்பாடு மருத்துவர் முன்னிலையிலோ மேற்பார்வையிலோ நடக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. 10 சதவீதக் கார்பமைடு ஜெல் அந்த 6 சதவீத வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடுகிறது.

நீல விளக்கு உள்ள கருவி தேவையா?

தேவையில்லை. வெளுப்பது ஜெல்லால்தான், வீட்டுக் கருவிகளின் சிறு விளக்கு அதற்குப் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை.

உமிக்கரி, கரித்தூள் பற்பசை, எலுமிச்சை, சோடா உப்பு?

உமிக்கரியும் கரித்தூளும் மேற்பரப்புக் கறையைத் தேய்த்து நீக்குபவை. டென்டினின் நிறத்தை மாற்றும் வேதியியல் அவற்றில் இல்லை. சொரசொரப்பான துகளால் ஆண்டுக்கணக்கில் தேய்த்தால் எனாமல் மெலிந்து, அடியில் உள்ள மஞ்சள் டென்டின் கூடுதலாகத் தெரியும். வெளுக்கத் தொடங்கியவர் மஞ்சளில் முடிப்பார். எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து தேய்ப்பது இன்னும் மோசம்: அமிலம் எனாமலைக் கரைத்து மென்மையாக்கும்போதே தேய்ப்பு நடக்கிறது. சோடா உப்பு தனியே பெரிதாகத் தேய்மானம் தருவதன்று, எலுமிச்சைதான் வில்லன். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்ற பழமொழி பல்லுக்கு உறுதியைத்தான் சொல்கிறது, வெண்மையைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கலாம். நீலச் சாயம் கலந்த சில பற்பசைகள் மஞ்சளை மறைத்து அப்போதைக்கு வெண்மையாகக் காட்டும். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது போன்ற ஏற்பாடு அது.

எனாமல் பாழாகுமா?

10 சதவீத ஜெல்லை முறையாகப் பயன்படுத்தியவர்களின் எனாமலில் சிகிச்சை தேவைப்படும் அளவு சேதம் வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. மேற்பரப்பில் ஏற்படும் சிறு மாற்றத்தை எச்சிலில் உள்ள தாதுக்கள் சரிசெய்துவிடும். ஈறு வெளிறி எரிவது வேறு விஷயம்: ஜெல் ட்ரேயிலிருந்து வழிந்து ஈறில் படுவதால் வருவது அது. ஒரு பல்லுக்கு ஒரு சிறு துளி போதும். வழிவதை விரலாலோ மென்மையான பிரஷ்ஷாலோ துடைத்துவிடுங்கள். நிறைய வைத்தால் நிறைய வெளுக்காது, வயிற்றுக்குள்தான் நிறையப் போகும்.

சிகிச்சையின்போது காபி, தேநீர் குடிக்கலாமா?

குடிக்கலாம், ட்ரேயைக் கழற்றியவுடன் மட்டும் வேண்டாம், குடித்த பின் வாயைக் கொப்பளியுங்கள். கூச்சம் இருக்கும் நாட்களில் எலுமிச்சைச் சாறு, புளிப்பான குளிர்பானங்கள், ஐஸ் நீர் ஆகியவற்றைத் தவிர்ப்பது காபியைத் தவிர்ப்பதைவிட முக்கியம்.

யார் செய்துகொள்ளக் கூடாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். தீங்கு நிறுவப்பட்டதால் அல்ல, அவசரமில்லாத ஒன்றுக்காக அந்தக் காலத்தில் துணிய வேண்டியதில்லை என்பதால். பெராக்சைடு ஒவ்வாமை உள்ளவர்கள் கூடவே கூடாது.

வெண்மை எவ்வளவு காலம் நிற்கும்?

பலருக்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுகள். புகைப்பவர்களுக்குக் குறையும். பழைய ட்ரே இன்னும் பல்லில் பொருந்துமானால், மங்கும்போது இரண்டு, மூன்று இரவு ஜெல் வைத்தாலே நிறம் மீளும். முழுச் சிகிச்சையும் மறுபடி தேவைப்படாது.

மீதி ஜெல்லை எப்படி வைப்பது?

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உறைநிலைப் பகுதியில் அல்லாமல். வெப்பத்தில் பெராக்சைடு தானே சிதைந்துவிடும். மே மாதத்தில் கூரியர் வண்டியில் பல நாள் கிடந்து வரும் ஜெல்லில் அட்டையில் எழுதிய செறிவு இருக்கும் என்று நம்ப முடியாது. ட்ரேயைக் குளிர்ந்த நீரில் மட்டும் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் அது வடிவம் இழந்து, ஜெல் ஈறில் வழியத் தொடங்கும்.

எப்போது உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஜெல்லை நிறுத்தி இரண்டு வாரம் கழிந்தும் கூச்சம் அடங்காவிட்டால். வலி நொடியில் மறையாமல் நிமிடக்கணக்கில் நீடித்தால். சூடு பட்டால் வலித்து, இரவில் தூக்கத்தைக் கலைத்தால். கடிக்கும்போது ஒரு குறிப்பிட்ட பல் மட்டும் வலித்தால். ஈறில் புண்ணோ வீக்கமோ வந்தால். இவை வெண்மையாக்கலின் சாதாரணக் கூச்சத்தைச் சேர்ந்தவை அல்ல. பல்லில் முன்பே இருந்த விரிசலோ சொத்தையோ இப்போது வெளிப்படுகிறது என்று எண்ணிச் சோதிக்க வேண்டும். போகும்போது ட்ரேயையும் ஜெல் குழலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழலில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.